மேழியில் இருட்டு கிடையாது

மைமூனிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தபோது வேதநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. மைமூனுக்கு முப்பத்து நான்கு. படப்பிடிப்பு செட்டில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார் வேதநாயகம். முப்பது வருஷம் திண்டுக்கல்லில் இயற்பியல் வாத்தியாராக இருந்து, பிள்ளைகளிடம் பட்டப்பெயர் வாங்கிப் பழகியவருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா?

பாடம் என்றால் வேதாந்தம் ஒன்றும் இல்லை. 'இணைச்சுடர்' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர். வானத்தில் இரண்டு சூரியன்கள். அவற்றைச் சுற்றுகிற மேழி என்ற கோள். அங்கே கண்ணாடிக் கூடாரம் போட்டுக் குடியேறிய கொஞ்சம் மனிதர்கள். ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓடுகிறது. முதல் எபிசோடில் சொன்னது நூறாவது எபிசோடில் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது மைமூனின் வேலை.

வேதநாயகம் முதலில் வெறும் பார்வையாளர். தொடரில் இருக்கும் தப்புகளை எழுதி அறுபத்து மூன்று கடிதங்கள் போட்டார். அறுபத்து நாலாவதை எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"சார், தப்பைக் கண்டுபிடிக்க உங்களுக்கு நல்லா வருது. தீர்த்து வைக்கக் கத்துக்கிறீங்களா?"

இப்படித்தான் அவர் மைமூனிடம் வந்தார்.

மைமூனிடம் ஒரே ஒரு சட்டம். தப்பைக் கண்டவர்தான் அதைத் தீர்க்க வேண்டும். தீர்ந்தது என்று அவரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது வரை கேமரா ஓடக் கூடாது. டைரக்டருக்கும் இதில் விலக்குக் கிடையாது. தன் கையெழுத்துகூட அதற்குச் செல்லாது என்று மைமூனே எழுதி வைத்திருந்தார்.

தொடரின் கடைசி நாள் படப்பிடிப்பில், மத்தியானம் மூன்றரை மணிக்கு, வேதநாயகம் ஒரு தப்பைக் கண்டுபிடித்தார்.

கண்டுபிடித்தவுடனே இதைப் பார்க்காமலே இருந்திருக்கலாமே என்று அவருக்குத் தோன்றியது.

விஷயம் இதுதான். நாற்பத்தொன்றாம் எபிசோடில் கேப்டன் கூடாரத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டு செத்துப்போகிறார். யாரோ உள்ளிருந்து கதவை மூடிவிட்டார்கள். மூடியது யார் என்பதுதான் அன்றிலிருந்து தொடரின் மர்மம். பக்கத்தில் நின்ற துணைக் கேப்டன் விசாரணையில் சொன்னது ஒரே வார்த்தை. "ஒரே இருட்டு. யாரையும் பார்க்கலை."

கடைசி எபிசோடில் உண்மை வெளியாகிறது. மூடியது வாசல் காவலாளி.

ஆனால் மேழியில் இருட்டே கிடையாது. ஒரு சூரியன் இறங்கும்போது மற்றது ஏறிவிடும். இன்னும் நூற்றுப்பத்து வருஷத்துக்கு அங்கே ராத்திரி இல்லை என்று ஒன்பதாம் எபிசோடில் ஒரு விஞ்ஞானி கணக்குப் போட்டே சொல்லிவிட்டார்.

"பட்டப்பகல்ல ஒருத்தன் கதவை மூடறான் மேடம்," என்றார் வேதநாயகம். "கைக்கெட்டற தூரத்துல ஆள் நிக்குது. யாருக்கும் தெரியலைன்னா எவன் நம்புவான்? ஆறு வருஷத்துக் கதையும் அதோட கவுந்துடும்."

மைமூன் தன் அறையில் பழைய ஃபைல்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எழுதினவரைக் கேட்டீங்களா?"

"அவர் வேற சேனலுக்குப் போயி நாலு வருஷம் ஆச்சு. இப்பதான் போன்ல கேட்டேன். மேழின்னா என்னன்னு திருப்பிக் கேக்கறார்."

மைமூன் சிரித்தார். வேதநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணம் கதவு.

கதவு என்பது ஒரு மனிதர். காவலாளி வேஷம் போடுகிறவர். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பதோடு சரி. ஆறு வருஷத்தில் ஒரு வார்த்தை வசனம் கிடையாது. வேஷம் ஊறிப்போய், படப்பிடிப்பு இல்லாத நேரத்திலும் ஸ்டூடியோக் கூடத்தின் கனத்த கதவை யார் வந்தாலும் இழுத்துத் திறந்துவிடுவார். அதனால் எல்லாருக்கும் அவர் கதவு. "கதவு, ஒரு டீ." "கதவு, நகருப்பா." இப்படி.

இன்றைக்கு அவருக்கு நாலு வரி வசனம். ஒரு மாதமாக அதை முணுமுணுத்துக்கொண்டு திரிகிறார். மனைவியும் மகளும் நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்து வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மகள் தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். அறைக்கு வெளியே அவர் அப்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது வேதநாயகத்தின் காதில் விழுந்தது.

"அந்தக் கதவை மூடினது நான்தான். புழுதிப்புயல் வந்துக்கிட்டிருந்துச்சு. உள்ள நாப்பது உசிரு இருந்துச்சு. இத்தனை நாளா யாரும் என்னைக் கேக்கலை."



டைரக்டர் அருளானந்தம் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ன வாத்தியாரே, கையெழுத்து எங்க?"

"இன்னும் தீரலை சார்."

"ஆறு மணிக்குத் தச்சருங்க வந்துருவாங்க. செட்டைப் பிரிச்சு, நாளைக்குக் காலைல இங்க வேற ஒருத்தன் சமையல் நிகழ்ச்சி எடுக்கறான். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நாலரை வரைக்கும் பாப்பேன். வரலைன்னா கதவு கோளாறாகித் தானா மூடிக்கிச்சுன்னு மாத்தி எடுத்துருவேன். கம்ப்யூட்டர் குரல் ஒண்ணு போட்டாப் போதும்."

"அப்போ காவலாளி காட்சி?"

"அது கிடையாது," என்று சொல்லிவிட்டு அருளானந்தம் போய்விட்டார். கெட்ட மனுஷர் இல்லை. நேரம் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

வெளியே முணுமுணுப்பு நின்றுபோயிருந்தது. கதவுக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது.

மணி மூன்று ஐம்பது.

"கிரகணம்னு வெச்சுக்கலாமா?" வேதநாயகம் தனக்குத்தானே கேட்டார். செட்டில் சூரியன்களுக்குப் பெரியவன், சின்னவன் என்று பெயர். "சின்னவன் பெரியவனுக்குப் பின்னாடி போயிட்டான். இல்ல, அப்பவும் பெரியவன் முன்னாடி நிக்கறானே. வெளிச்சம் எங்க போகும்?"

மைமூன் பெட்டிக்கு நாடா ஒட்டினார்.

"புழுதி வந்து மறைச்சிருச்சு. அதுவும் ஆகாது. புயல் வந்தது கதவை மூடினதுக்கப்புறம். மூடறப்போ வாசல்ல வண்டித் தடம் அப்படியே கிடந்துச்சுன்னு ஐம்பத்திரண்டாம் எபிசோட்ல காட்டியாச்சு."

"ம்."

"துணைக் கேப்டனுக்குக் கண் மங்கல்? அவன்தான் எழுபதாம் எபிசோட்ல துப்பாக்கிப் போட்டியில ஜெயிக்கறான்."

"ம்."

"ம் போட்டா எப்படி மேடம்?" வேதநாயகத்தின் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. "ஒரு மனுஷனோட வாய்ல இருந்து நாலு வரியைப் பிடுங்கறோம். அவர் பொண்ணு பூ வெச்சிக்கிட்டு வந்து உக்காந்திருக்கு. கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுரலாம். எனக்குத் தெரிஞ்சே பொய்யில போடணுமே. அதுக்குக் கை வரலை."

"போட வேணாம்."

"பின்னே?"

"அந்த நாள் போட்டோ இருக்குல்ல, நாற்பத்தொண்ணு? எடுங்க."

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு படம் எடுத்து ஃபைலில் ஒட்டிவைப்பது வழக்கம். யார் எங்கே நின்றார்கள், சட்டைக் கை மடித்திருந்ததா, கோப்பையில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று அதைப் பார்த்துத்தான் அடுத்த நாள் ஆரம்பிப்பார்கள். கதவு மூடுவதை நாற்பத்தொன்றில் காட்டவே இல்லை. மூடுவதற்குச் சற்று முன் எடுத்த படம்தான் இருந்தது. கூடாரத்தின் வாசல், மேலிருந்து பார்த்தாற்போல. வேதநாயகம் அதை மைமூன் முன்னால் வைத்தார்.

"நீங்களே பாருங்க. எவ்வளவு வெளிச்சம். இதுல எங்க இருட்டு?"

"எனக்கு இந்தப் படம் அத்துப்படி. நீங்க சொல்லுங்க. இதுல யார் யார் இருக்காங்க?"

வேதநாயகம் படத்தைப் பார்க்கவே இல்லை. அவருக்கும் அத்துப்படிதான்.

"கேப்டன் வெளிய காலை வெச்சிருக்கார். வலது பூட்ஸ் நாடா அவுந்திருக்கு. துணைக் கேப்டன் கதவுக்கு இடது பக்கம், மூணாவது பொத்தான் இல்லை. டாக்டரம்மா தண்ணி பாட்டிலோட. பாட்டில் முக்கால்."

"எத்தனை பேர்?"

"மூணு பேர்."

"நல்லா பாத்தீங்களா?"

"மேடம், ரெண்டு வாரமா இதைத்தான் பாக்கறேன். பழைய ஃபைலையெல்லாம் திருப்பி எழுதினதே நான்தான்." படத்துக்குக் கீழே அவருடைய குண்டு குண்டான கையெழுத்திலேயே இருந்தது: கேப்டன், துணைக் கேப்டன், டாக்டர்.

மணி நாலு ஐந்து. வெளியே யாரோ விளக்குகளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம்.

"நிழல் எத்தனைன்னு எண்ணுங்க," என்றார் மைமூன்.

"எதுக்கு?"

"சும்மா எண்ணுங்க சார்."

இரண்டு சூரியன் என்றால் ஒவ்வொரு ஆளுக்கும் தரையில் இரண்டு நிழல் விழ வேண்டும். முதல் நாளே மைமூன் வகுத்த விதி. லைட்காரர்கள் திட்டிக்கொண்டே ஆறு வருஷமாக இரண்டு பக்கமும் விளக்கு வைத்தார்கள். வேதநாயகத்துக்குப் பிடித்த சங்கதியும் அதுதான். முதல் கடிதத்தில் அதை மட்டும் பாராட்டியிருந்தார்.

அவர் விரலை வைத்து எண்ணினார். கேப்டனுக்கு இரண்டு. துணைக் கேப்டனுக்கு இரண்டு. டாக்டரம்மாவுக்கு இரண்டு.

விரல் நிற்கவில்லை.

"எட்டு வருது."



வேதநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் எண்ணினார். எட்டுதான். மிச்ச இரண்டு நிழல்களும் கதவின் வலப்பக்கத்திலிருந்து நீண்டிருந்தன. நிழலைப் பிடித்துக்கொண்டே விரல் மேலே போயிற்று. பூட்ஸ். இடுப்புக் கச்சை. தலைக்கவசம். ஒரு கை கதவின் பிடியில் இருந்தது.

மறைவிலா நின்றார்? இல்லை. தூணுக்குப் பின்னாலும் இல்லை. படத்தின் நட்டநடுவில், இரண்டு சூரியனின் வெளிச்சமும் மேலே விழ, முழு ஆளாக நின்றார்.

வேதநாயகத்துக்குக் காது மடல் சுட்டது. பொத்தான் இல்லாதது தெரிந்திருக்கிறது. பாட்டிலில் தண்ணீர் முக்கால் என்று தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது அவருக்கு, வாத்தியாராக இருந்த முப்பது வருஷத்தையும் சேர்த்து வெட்கமாக இருந்தது.

மைமூன் மேஜை மேலிருந்த டீயை ஒரு வாய் குடித்தார். ஆறிப்போயிருந்தது. மிச்சத்தையும் குடித்தார்.

அருளானந்தத்தின் குரல் தூரத்தில் கேட்டது. கம்ப்யூட்டர் குரல் கொடுக்க ஆள் வந்தாச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வேதநாயகம் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பேனாவைத் திறந்தார். திறந்தவர் எழுதாமல் நின்றுவிட்டார். வாத்தியார் புத்தி, அவ்வளவு சுலபத்தில் விடுமா?

"ஒண்ணே ஒண்ணு மேடம். துணைக் கேப்டன் ஒரே இருட்டு, யாரையும் பாக்கலைன்னு சொன்னானே. விசாரணையில சத்தியம் பண்ணிட்டுச் சொல்றான். அப்போ அது பொய்தானே?"

மைமூன் அவரை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"இப்ப மூணு பேர்னு சொன்னீங்களே சார். அது பொய்யா?"

வேதநாயகம் மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது. நாலு இருபது. அவர் ஃபைலை எடுத்து, படத்துக்குக் கீழே மூன்று பெயர்களுக்கு அடுத்து 'காவலாளி' என்று எழுதினார். பிறகு தாளில் 'தீர்ந்தது' என்ற இடத்துக்கு வந்தார். அதற்கு மேல் ஒரு கட்டம் இருந்தது. காட்சியில் பேசும் நடிகரின் பெயரை அதில் எழுத வேண்டும். 'கதவு' என்று எழுதப் போன கை பாதியில் நின்றது.

"மேடம், அவர் பேரு என்ன?"

மைமூன் காலி டம்ளரை மேஜையில் வைத்தார்.

"கதவுகிட்டதான் நிக்கறார் சார், போயிக் கேளுங்க. அங்க நல்ல வெளிச்சமாத்தான் இருக்கு."