கணுக்கால் தெரிந்த நாள்

விலங்குகளும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பூனை வாய் திறந்து நியாயம் கேட்டால் யாரும் வியக்க மாட்டார்கள், பதில்தான் சொல்வார்கள்.

அந்தக் காலத்தில், பனி பெய்யும் மேற்கு நாடு ஒன்றில் அரசருடைய நடன அரங்கு இருந்தது. அங்கே ஆடியதுதான் பாலே. ஆண்கள் தாவுவார்கள், சுழல்வார்கள், காற்றிலேயே காலோடு காலைத் தட்டுவார்கள். பெண்கள் நடப்பார்கள், குனிந்து வணங்குவார்கள், மெல்லத் திரும்புவார்கள். அதற்கு மேல் அவர்களால் முடியாது. பாவாடை தரையைத் தொடும். அதற்குள் திமிங்கில எலும்பில் செய்த வளையங்கள், ஒரு கட்டில் அகலத்துக்கு இரு பக்கமும் விரிந்து நிற்கும். காலில், குதிகாலுக்கு அடியில் மூன்று விரல் உயரக் கட்டை வைத்த செருப்பு. வாசலைத் தாண்ட வேண்டுமென்றால்கூடப் பக்கவாட்டில்தான் தாண்ட வேண்டும்.

அகாதா, பெரின் என்ற அக்காளும் தங்கையும் அங்கே ஆடினார்கள். ஆற்றில் படகு ஓட்டியவரின் மகள்கள். பெற்றோர் இருவரும் இறந்துவிட்டார்கள். அகாதா முதல் ஆட்டக்காரி. பெரின் பின்வரிசையில் நிற்பவள்.

ஒரு மாலை, ஆட்டத்தின் நடுவே அகாதா மேடையின் விளிம்பருகே திரும்பினாள். அவள் திரும்பிய பிறகும் பாவாடை திரும்பி முடியவில்லை. விளிம்பில் வரிசையாக எரிந்த மெழுகுவத்திகளில் ஒன்றைத் தொட்டது. பட்டு பற்றிக்கொண்டது. அந்த உடையின் கயிறுகளை அவிழ்க்க மூன்று பேர் வேண்டும். பெரின் ஓடிவந்து ஓரத்துத் திரைச்சீலையைப் பிடித்திழுத்து, அக்காளைச் சுற்றி இறுக்கித் தீயை அணைத்தாள். உயிர் தப்பியது. ஆனால் இரண்டு கால்களும் வெந்துவிட்டன. இனி ஆட முடியாது என்று வைத்தியர் சொன்னார்.

மூன்றாம் நாள் உடை அதிகாரி வல்மோர் பெரினைக் கூப்பிட்டார். அரங்கில் யார் எதை உடுத்துவது என்பது அவர் சொல்தான்.

"எட்டு நாளில் பக்கத்து நாட்டு அரசர் விருந்துக்கு வருகிறார். உன் அக்காளின் இடத்தில் நீ ஆட வேண்டும். புது உடை தயார்."

அது பழைய உடையைவிட அகலமாக இருந்தது.

"வளையம் இல்லாமல் தைத்துத் தாருங்கள், ஐயா. பாவாடை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும்."

"பெண்ணின் கால் மேடையில் தெரியக் கூடாது. அரசருடைய ஆணை."

"எரிந்தால் மட்டும் தெரியலாமா?"

வல்மோர் தலைகுனிந்தார். அவர் கெட்டவர் அல்ல, பயந்தவர். "உடுத்த முடியாது என்றால் நீ போகலாம். உங்கள் இருவருக்கும் கொடுத்த அறையையும் விட வேண்டியிருக்கும்," என்றார் மெதுவாக.

மறுநாள் காலை பெரின் ஆட்டப் பயிற்சிக் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எலி பிடிப்பதற்காக அங்கே வளர்த்த சாம்பல் நிறப் பூனை முசெத், சன்னல் விளிம்பில் படுத்திருந்தது. கீழே யாரோ மெழுகுவத்திகளைச் சோதித்துப் பார்க்க வரிசையாக ஏற்றி வைத்திருந்தார்கள். முசெத் எழுந்து சோம்பல் முறித்தது. பிறகு ஒரு காலை மடக்கி, அதைத் தொடர்ந்து மறுகாலையும் மடக்கி, அந்த வரிசையை அப்படியே தாண்டி இறங்கியது. ஒரு சுடர்கூட அசையவில்லை.

"அதை இன்னொரு தடவை செய்," என்றாள் பெரின்.

"எதற்கு?"

"நான் கற்றுக்கொள்ள வேண்டும்."

"அந்தக் கட்டைச் செருப்போடா? உங்கள் கூட்டம் அதைக்கொண்டு என் வாலை இரண்டு தடவை நசுக்கியிருக்கிறது. முதலில் அதைக் கழற்று. எனக்காவது நல்லது."

பெரின் செருப்பைக் கழற்றி, சுவரில் ஓங்கி அடித்துக் கட்டைகளைப் பெயர்த்தாள். வெறும் தோலை மட்டும் காலில் கட்டிக்கொண்டு தாவினாள். விழுந்தாள். எழுந்து தாவினாள். முழங்கால் கிழிந்தது. ஐந்தாம் நாள் காலையில் ஏழு மெழுகுவத்திகளைத் தாண்டினாள், ஒன்று அணைந்தது. ஆறாம் நாள் ஒன்றும் அணையவில்லை.

"பரவாயில்லை," என்றது முசெத். பூனைகள் அதற்கு மேல் யாரையும் புகழ்வதில்லை.

ஆட்டத்தன்று காலை பெரின் புது உடையை அறைக்குக் கொண்டுவந்தாள். கட்டிலில் கிடந்த அகாதா அவள் கையிலிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தாள்.

"வேண்டாம் பெரின். நடக்க முடியாத என்னை வைத்துக்கொண்டு தெருவில் எங்கே போவாய்?"

"தெரியவில்லை அக்கா. ஆனால் இதை உடுத்திக்கொண்டு அந்த மெழுகுவத்திகளுக்கு முன்னால் நிற்க மாட்டேன்."

அகாதா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டி, "கத்தரிக்கோலை இப்படிக் கொடு," என்றாள். பெரின் கணுக்காலுக்கு மேலே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருந்தாள். அகாதா அந்தக் கோட்டுக்கும் ஒரு சாண் மேலே வைத்து வெட்டினாள். வெட்டு நேராகப் போனது. வளையங்களை ஒவ்வொன்றாக உருவித் தரையில் போட்டாள்.

மாலையில் மேடையின் ஓரத்தில் வல்மோர் பெரினைப் பார்த்துவிட்டு வழிமறித்தார். 

"இப்படிப் போகாதே. என்னையும் சேர்த்து அழித்துவிடுவாய்."

"இசை தொடங்கிவிட்டது ஐயா. நீங்கள் ஆடுகிறீர்களா, நான் ஆடட்டுமா?"

அவர் விலகினார்.

பெரின் மேடைக்கு வந்தாள். அவள் கணுக்கால்களை எல்லோரும் பார்த்தார்கள். அவள் விளிம்பு வரைக்கும் ஓடி, எரியும் வரிசையின் மேலேயே ஒரு காலை மடக்கி, மறுகாலையும் மடக்கித் தாவி, அதற்கு அப்பால் மேடையின் நுனியில் இறங்கினாள். திரும்பத் தாவி மேடையின் நடுவுக்கு வந்தாள். அதுவரை எந்தப் பெண்ணும் அங்கே தரையைவிட்டு எழுந்ததில்லை. விருந்தாளி கைதட்டினார். அரசர் கைதட்டவில்லை, எழுந்து போய்விட்டார்.

விடிந்ததும் அரங்கின் கதவில் ஆணை ஒட்டியிருந்தது. பெரின் இனி ஆடக் கூடாது. இன்றைய ஆட்டத்தைப் பின்வரிசையில் நிற்கும் குளோத்தில் என்பவள் ஆட வேண்டும்.

சகோதரிகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் குளோத்தில் அரங்குக்கு வந்தாள். அவள் பாவாடை முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றது. அவளுக்குப் பின்னால் மற்ற ஆட்டக்காரிகள் பத்துப் பேரும் வந்தார்கள். எல்லார் பாவாடையும் வெட்டப்பட்டிருந்தது. எல்லார் செருப்பிலும் கட்டை இல்லை.

"பெரின் ஆடினால் நாங்கள் ஆடுவோம்," என்றாள் குளோத்தில், கதவருகே நின்ற காவலாளியிடம். "இல்லையென்றால் அரசரும் வல்மோர் ஐயாவும் ஆடட்டும்."

விருந்தாளி மறுபடி ஆட்டம் பார்க்கக் காத்திருந்தார். ஆட ஒருத்திகூட இல்லை. நண்பகல் வரை அரண்மனைக்கும் அரங்குக்கும் ஆள் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அரசர் இணங்கினார். வல்மோர் தாமே வந்து, கதவிலிருந்த ஆணையைக் கிழித்தெடுத்தார். நேரே அகாதாவின் அறைக்குப் போய், உடைக் கிடங்கின் சாவியை அவள் கட்டிலில் வைத்தார்.

"எவ்வளவு நீளம் வெட்டுவது என்று இனிமேல் நீதான் சொல்ல வேண்டும்," என்றார்.

அந்தத் தாவலுக்குப் 'பூனையின் அடி' என்று ஆட்டக்காரிகள் பெயர் வைத்தார்கள். பாலே ஆடும் பெண்கள் குதிகாலில் கட்டையில்லாத மெல்லிய காலணியோடும், கால் தெரியும் பாவாடையோடும் மேடைக்கு வருவது அன்று முதல்தான்.