மன்னர் விசிறியும் மொட்டை மயிலும்

குவளை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். அது ரொம்பக் காலத்துக்கு முந்திய சங்கதி. நல்ல மனுஷர்தான், ஆனால் மூக்குக்கு மேல் கோபம் வரும். மயில் என்றால் அவருக்கு உயிர். மயிலின் தோகையைப் பிடுங்கினால் பிடுங்கியவன் விரல்களை வெட்டு என்று சட்டமே போட்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

அரண்மனை மயில்களுக்கு அதிகாரி வில்வராயர். அவர் கவனிப்பில் வருஷத்துக்கு நாலு மயில் செத்தது. ராஜாவுக்கு அலுத்துப்போய், தன் செல்ல ஆண் மயிலைச் சடைச்சியிடம் வளர்க்கக் கொடுத்தார். ஊருக்கு வெளியே கையகல நிலத்தில் மயில் வளர்ப்பவள் அவள். முட்டையை அடைக்கோழியிடம் வைத்துப் பொரிக்க வைப்பாள், குஞ்சுகளுக்குப் புற்றிலிருந்து கரையான் தோண்டிப் போடுவாள். ஒன்றுகூடச் சாகாது. வில்வராயருக்கு வயிறு எரிந்தது.

புரட்டாசியில் ராஜாவுக்கு மயிலைப் பார்க்க ஆசை வந்தது. சடைச்சி அதைக் கூடையில் கொண்டுவந்து சபையில் இறக்கிவிட்டாள். அடடா, தோகையைக் காணோம்! பெரிய கோழி மாதிரி நின்றது.

வருஷா வருஷம் ஆண் மயிலுக்குத் தோகை உதிரும், மறுபடி முளைக்கும். ராஜாவுக்கு அது தெரியாது. மொட்டை மயில் மன்னர் கண்ணில் படக்கூடாது என்பது அரண்மனை வழக்கம். அந்த மாதங்களில் வில்வராயர் மயில்களைப் பின்கட்டில் பூட்டிவிடுவார்.

"எங்கேடி தோகை?" என்று ராஜா எழுந்துவிட்டார்.

"தானா உதிர்ந்துடுச்சுங்க மகாராஜா. தை பிறந்தா முளைச்சுடும்."

வில்வராயர் சிரித்தார். "பிரபு, முப்பது வருஷமாக மயிலோடு பழகுகிறேன். தோகை தானாக உதிர்ந்து நான் கண்டதே இல்லை. பிடுங்கி விற்றிருக்கிறாள்!"

"கூப்பிடு வெட்டுபவனை!" என்றார் ராஜா.

சடைச்சிக்குக் குஞ்சுகளின் நினைப்பு வந்தது. விரல் போனால் கரையான் எப்படித் தோண்டுவது? வீட்டில் பதினாலு குஞ்சு பசியோடு கிடக்கிறதே! அண்ணாந்து பார்த்தாள். ராஜாவுக்குப் பின்னால் இரண்டு பேர் மயில்தோகை விசிறியை வீசிக்கொண்டிருந்தார்கள்.

"வெட்டுறதுக்கு முன்னால அதிகாரி ஐயாகிட்ட ஒரு சந்தேகம் கேட்டுக்கிறேனுங்க. அந்த விசிறி ரொம்ப அழகாயிருக்கு. யார் செஞ்சது?"

வில்வராயர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேறு யார்? வருஷம் தவறாமல் நானே செய்து மன்னருக்குக் கொடுப்பது."

"காட்டில பொறுக்கின தோகையா ஐயா?"

"காட்டிலா? அத்தனையும் அரண்மனை மயில் தோகை!"

"செத்துப்போன மயிலுங்களோடதா?"

"சீச்சீ! செத்த பறவையின் தோகையையா மன்னருக்கு வீசுவேன்? எல்லாம் உயிரோடு, நலமாக இருக்கும் மயில்களின் தோகை!"

"அப்படிங்களா? செத்ததில எடுக்கல, தானாவும் உதிராது. அப்போ உயிரோட இருக்கிற மயில்கிட்டயிருந்து எப்படி ஐயா கைக்கு வந்துச்சு?"

விசிறி வீசியவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

ராஜா திரும்பினார். "சொல்லும் வில்வராயரே. உதிர்ந்ததா, பிடுங்கினீரா?"

வில்வராயர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிடுங்கினேன் என்றால் விரல் போகும். "உ... உதிர்ந்ததுதான் பிரபு," என்று முனகினார்.

"தெரிந்தே பொய் சொல்லி ஒரு பாவமும் அறியாதவளின் விரலைக் கேட்டீரா? நானும் விசாரிக்காமல் குதித்தேனே, எனக்கும் வெட்கமாக இருக்கிறது. சடைச்சி, இன்றுமுதல் அரண்மனை மயில்கள் எல்லாம் உன் பொறுப்பு. இவள் விரலுக்குப் பதில் இவர் விரல்களை வெட்டுங்கள்!"

"ஐயோ, வேண்டாம் மகாராஜா!" என்று பதறினாள் சடைச்சி. "பத்து விரலும் அப்படியே இருக்கட்டும். அரண்மனை மயிலும் சேர்ந்தா எனக்குக் கரையான் தோண்ட ஆள் பத்தாதுங்க. ஐயாவை அனுப்பிவைங்க."

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பொழுது சாய்வதற்குள் வில்வராயர் பட்டு அங்கவஸ்திரத்தோடு புற்றடியில் குந்தியிருந்தார். முப்பது வருஷ மயில் அதிகாரிக்குக் கரையான் கடிக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.