வைரவன் கம்பைலர் விற்ற கதை

உமையாளுக்கு அன்றைக்கு ஒரே வேண்டுதல்தான். அந்தக் கம்ப்யூட்டர் விலைபோய், வீட்டு டிவி தன் கைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டருக்குத் தனித் திரை கிடையாது, டிவிதான் திரை. அவள் புருஷன் வைரவன் அதை டிவியில் மாட்டிய நாளிலிருந்து அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் படம்கூட முழுசாகப் பார்த்ததில்லை.

வாங்க வந்தவர் பாலிடெக்னிக் வாத்தியார் சேவியர். எதிர்வீட்டு தஸ்தகீரும் தன் கம்ப்யூட்டரை விற்பதாக இருந்ததால், அவரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இதுல சி புரோகிராம் ஓடுமா? நாம எழுதுறதை மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்துற கம்பைலர் எப்படி?" என்றார் சேவியர்.

தஸ்தகீர் உள்ளதைச் சொல்கிற மனுஷன். "என்னோடதுல தசம எண் வராது சார். முழு எண் மட்டுந்தான்."

வைரவனுக்குப் பொறுக்கவில்லை. தன்னைவிட ஒருத்தன் அதிகம் கஷ்டப்பட்டதாகப் பேர் வாங்குவதா? "இதெல்லாம் ஒரு குறையா பாய்? என்னோடதுல தசமமும் கிடையாது, தப்பு எந்த வரியிலன்னும் சொல்லாது. எங்கயோ தப்புன்னு மட்டும் சொல்லும்."

"என்னோடது அதுவும் சொல்லாது. அப்படியே நின்னுரும்."

"நின்னா பரவாயில்லையே. என்னோடது கோவிச்சுக்கிட்டு நாள்கணக்கா பேசாது. நான்தான் போய் சமாதானப்படுத்தணும்."

உமையாள் காப்பி டம்ளரை ணங்கென்று வைத்தாள். "ஏங்க, நல்லா ஓடும்னு சொல்லுங்க." சொன்னால் கேட்கிற ஆளா?

"மெமரி அவ்வளவு கம்மி சார். ஒரு தடவை எடம் பத்தாம, டிவியில செய்தி வாசிச்சவரோட மீசைய எடுத்துக்கிச்சு. அப்பவும் பத்தல. எதிர்வீட்டு ஃபிரிட்ஜ்ல ரெண்டு தட்டைப் பிடிச்சுக்கிச்சு."

"எங்க ஃபிரிட்ஜையா?" என்றார் தஸ்தகீர்.

"அன்னைக்கு உங்க வீட்டுல தயிர் புளிச்சுதா இல்லையா?"

தஸ்தகீர் கொஞ்சம் யோசித்தார். "புளிச்சுதுதான்."

"கடைசியில என் தலைக்குள்ளயே பூந்துருச்சு சார். கல்யாண நாள் எனக்கு மறந்துபோனதே அதனாலதான்."

"அது கம்ப்யூட்டர் வாங்குறதுக்கு முன்னாடியே மறந்துச்சு," என்றாள் உமையாள்.

சேவியர் விடவில்லை. "இவ்வளவு எடம் எடுத்துக்கிட்டு அந்தப் புரோகிராம் என்னதான் பண்ணும்?"

"ரெண்டையும் ரெண்டையும் கூட்டும்."

"நாலுன்னு வந்துச்சா?"

"எங்க சார் வரும்? நாலை வைக்க எடமில்லையே."

தஸ்தகீர் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களோட என்னால முடியாது. நான் தோத்தேன்."

சேவியர் காப்பியைக் குடித்து முடித்து, அவரோடு எதிர்வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் தஸ்தகீரின் கம்ப்யூட்டர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறித் தெருமுனை திரும்பியது.

"பாத்தியா? பாய் தன் வாயாலயே ஒத்துக்கிட்டார்," என்று வைரவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"பாத்தேன்," என்றாள் உமையாள். "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் அவங்க வீட்டுக்குப் படம் பாக்கப் போறேன். சோத்த நீங்களே போட்டுச் சாப்பிடுங்க."