தவிட்டி எடுத்துவைத்த பங்கு

அந்தக் காலத்தில் எலிகளும் மனிதர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள். பேச்சில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான். இப்போது கூண்டில் வைத்து வளர்க்கிறார்களே, அந்த ஹாம்ஸ்டர் எலிக்கு அப்போது கன்னத்தில் பை கிடையாது. மற்ற எலிகளைப் போலவே கண்டதைக் கண்ட இடத்தில் தின்றுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு போய்விடும்.

மழை அதிகம் பார்க்காத ஒரு புல்வெளியில் அப்படி ஒரு ஜோடி வளை தோண்டிக் குடியிருந்தது. பெண்டாட்டி பெயர் தவிட்டி, புருஷன் பெயர் மொச்சையன். தவிட்டி குட்டி போட்டிருந்த சமயம். "பக்கத்துல நல்ல தானியம் எங்கயாவது கிடைக்குதான்னு பார்த்துட்டு வரேன்" என்று மொச்சையன் கிளம்பினான். நல்ல எண்ணத்தோடுதான் கிளம்பினான், அதைச் சொல்லிவிட வேண்டும்.

வழியில் ஒரு பேரீச்சந்தோட்டம். தோட்டக்காரி செங்கமலம் அங்கே தனியாக இருந்தாள். அவள் மகன் ஒட்டக வியாபாரிகளோடு போனவன், திரும்பவே இல்லை. அவனுக்குப் பிடிக்குமே என்று ஒவ்வொரு அறுவடைக்கும் பழங்களைத் தேனில் ஊறவைத்துக் காத்திருப்பாள். தின்ன ஆள் வராது. வாசலில் வந்து நின்ற மொச்சையனைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது.

"என்ன ராசா, இப்படி இளைச்சுக் கிடக்கே? சாப்பிடு, சாப்பிடு."

சாப்பிட்டான். மறுநாளும் சாப்பிட்டான். வீட்டு நினைப்பு வரும்போதெல்லாம் நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று இன்னொரு பழத்தை எடுத்துக்கொண்டான். குளிர்காற்று வீசத் தொடங்கிய பிறகுதான் அவனுக்கு உறைத்தது. உறைபனி விழும்போது வளைக்கு வெளியே இருக்கிற எலி பிழைக்காது. அடித்துப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். ஓடினான் என்பதைவிட உருண்டான் என்று சொல்லலாம்.

வளைக்குள் தலை போயிற்று. வயிறு போகவில்லை.

உள்ளேயிருந்து பார்த்த தவிட்டி முதலில் சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

"வாசலைக் கொஞ்சம் பெரிசாத் தோண்டேன்" என்றான் மொச்சையன்.

"தோண்டினா உங்களுக்கு முன்னாடி பாம்பு உள்ள வந்துடும். குட்டிங்க இருக்குதுங்க. பனி விழறதுக்குள்ள நீங்கதான் சின்னதாகணும்."

அவளே அவனுக்குப் பத்தியம் வைத்தாள். தினை, புல்விதை, கொஞ்சம் கீரைத்தண்டு, எப்போதாவது ஒரு புழு. இனிப்பு வாசனையே கூடாது. குட்டிகளை விட்டு அடிக்கடி வெளியே வர முடியாதே, அதனால் ஒரு வேளைச் சாப்பாட்டை ஒரே நடையில் வாயில் அடைத்துக்கொண்டு வருவாள். கன்னம் இழுபட்டு வலித்தது. அவளுக்கும் பசிதான். ஆனாலும் அதில் ஒரு மணியைக்கூட அவள் விழுங்கவில்லை.

"இதையெல்லாம் மனுஷன் தின்பானா?" என்று அவன் முகத்தைச் சுளிப்பான்.

"நீங்க மனுஷன் இல்லைங்க. எலி. பேசாம தின்னுங்க."

தின்று முடித்ததும் தலையை மட்டும் வளைக்குள் நீட்டிக்கொண்டு கிடப்பான். எந்தக் குட்டி கண் திறந்தது, எது அவனைப் போலவே தூக்கத்தில் உதைக்கிறது என்று தவிட்டி சொல்வாள். குட்டிகள் அவன் மூக்கின் மேல் ஏறி விளையாடும். அணைத்துக்கொள்ளக் கை வெளியே மாட்டிக்கொண்டிருக்கும். வீட்டு வாசலிலேயே கிடந்தும் வீட்டுக்காக ஏங்குவதைப் போலக் கொடுமை வேறில்லை. அவன் ஏங்கி ஏங்கியே பாதி இளைத்தான்.

கடைசியில் ஒருநாள் தவிட்டி அவன் இடுப்பை அளந்து பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க. நான் உள்ளேயிருந்து இழுத்துடறேன்" என்றாள். அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

அன்று சாயங்காலம் புல்வெளியில் செங்கமலத்தின் குரல் கேட்டது. "ராசா, எங்கடா போனே? உனக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்டா!" கையில் தேன்பழக் கலயம்.

நாளைக்குத்தான் உள்ளே போய்விடப் போகிறோமே, ஒன்றே ஒன்று தின்றால் என்ன என்று நினைத்து அவளிடம் ஓடினான் மொச்சையன். காய்ந்து கிடந்த வயிறு ஒன்றோடு நிற்குமா? கலயம் காலியானபோது அவனால் நகரக்கூட முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் பனியும் விழத் தொடங்கிவிட்டது. செங்கமலம் பதறிப்போய் அவனைச் சால்வையில் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப் போனாள். இல்லாவிட்டால் அன்றே விறைத்துப்போயிருப்பான்.

அடுப்போரம் கூடையில் கண் விழித்தவன், "என்னை வீட்ல கொண்டுபோய் விடும்மா. என் பெண்டாட்டி காத்துக்கிட்டிருப்பா" என்று அழுதான்.

செங்கமலம் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆள் வரும்னு காத்துக்கிட்டிருக்கிறது எப்படின்னு எனக்குத் தெரியாதா? உனக்கு ஒரு வீடு இருக்குன்னு தெரிஞ்சிருந்தா நான் கூப்பிட்டே இருக்க மாட்டேனே." ஆனால் வெளியே புல்வெளி முழுக்க வெள்ளையாக மூடிக்கிடந்தது. வளை எங்கே என்று யார் கண்டார்கள்? குளிர்காலம் முழுவதும் அவள் அவனுக்கு இனிப்பே காட்டவில்லை. தவிட்டி என்ன கொடுத்தாள் என்று கேட்டுக் கேட்டு, அதே தினையும் புல்விதையும் காய்ந்த கீரையும்தான் கொடுத்தாள்.

பனி உருகியதும் அவளே அவனை வளை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். மொச்சையன் தலையை நீட்டினான். தடையே இல்லாமல் முழு உடம்பும் உள்ளே போயிற்று.

உள்ளே யாரும் இல்லை. குட்டிகள் வளர்ந்து பிரிந்து போயிருந்தன. வாசலை ஒட்டித் தானியம் குவிந்திருந்தது. ஒவ்வொரு வேளையும் தவிட்டி சுமந்து வந்து, அவனைக் காணாமல் இறக்கி வைத்த அவன் பங்கு. வாசலைப் பனி மூடியிருந்ததாலோ என்னவோ, எதிர்ப்பக்கம் புதிதாக ஒரு வழி தோண்டியிருந்தாள். அவனைத் தேடித்தான் போயிருக்க வேண்டும்.

அவனுக்கு நல்ல பசி. ஆனால் அதில் ஒரு மணியைக்கூட அவன் விழுங்கவில்லை. அத்தனையையும் இரண்டு கன்னத்திலும் திணித்துக்கொண்டு, அவளைக் கண்டுபிடித்து, அவள் சாப்பிடச் சொன்னால் சாப்பிடலாம் என்று அந்த வழியே கிளம்பினான். அவன் அவளைப் பார்த்ததாக எந்த எலியும் இதுவரை சொல்லவில்லை.

அன்று முதல்தான் ஹாம்ஸ்டர், நீங்கள் தினை கொடுத்தாலும் கீரை கொடுத்தாலும், உடனே விழுங்காமல் கன்னத்தில் உண்டான பையில் அடக்கிக்கொண்டு போய்க் கூண்டின் மூலையில் குவித்துவிட்டு, யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது.