இந்த ஆள் எதுக்கு?

திருச்சியில் டைல்ஸ் கடை மேனேஜர் வைரக்கண்ணுவுக்கு இரண்டு பிடிவாதம் உண்டு. வியாழக்கிழமை பார்சலில் வருகிற சூப்பர்ஹீரோ காமிக்ஸ் அத்தனையையும் வெள்ளிக்கிழமைக்குள் படித்துவிட வேண்டும். படித்த கையோடு கருத்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வைத்திருந்தால் அவருக்கு நெஞ்சு எரியும். நாற்பத்தெட்டு வயசு ஆளுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பைத்தியம்.

செல்போனைச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவார். பேசியதைத் தன் சேனலில் போடுவார். கேட்கவும் ஒரு கூட்டம் இருந்தது. அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

அவர் படிக்கிற முறையே தனி. முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார். முடிவு தெரிந்துவிட்டால் கருத்துச் சொல்வது சுலபம் பாருங்கள். அப்புறம் கதையில் வருகிற ஒவ்வொருவரையும் பிடித்து நிறுத்தி ஒரே கேள்வி கேட்பார்.

"இந்த ஆள் எதுக்கு?"

அந்த ஆளை மனசுக்குள் எடுத்துவிட்டுப் பார்ப்பார். அப்படியும் கதை நகர்ந்தால் ஆள் வேஸ்ட். தீர்ப்பு முடிந்தது.

இப்பேர்ப்பட்ட வைரக்கண்ணுவுக்கும் ஒரு குரு உண்டு. பேர் ஜெசிந்தா. கண் கிளினிக்கில் பவர் பார்க்கிற வேலை. அவரைவிட வயசில் ரொம்பச் சின்னவர். எழுத்துப் பலகையைக் காட்டி நாளெல்லாம் "இதைப் படிங்க, அடுத்ததைப் படிங்க" என்று சொல்வதால் காமிக்ஸ் கூட்டம் டீச்சர் என்று பேர் வைத்துவிட்டது. அந்த ஊரில் ஜெசிந்தா டீச்சர் படிக்காத காமிக்ஸ் கிடையாது. ஆனால் ஒன்று. கருத்து மட்டும் சொல்ல மாட்டார்.

"இந்த வாரம் கோபுரன் எப்படி டீச்சர்?" என்று யாராவது கேட்டால், "இருங்க" என்பார். புத்தகத்தை உறையிலிருந்து எடுத்து முதல் பக்கத்துக்குப் போய்விடுவார். கேட்டவர் நின்று நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"கருத்துச் சொல்ல எனக்கு எப்பதான் கத்துக் கொடுப்பீங்க?" என்று வைரக்கண்ணு கேட்பார்.

"படிச்சு முடிச்சதும் அண்ணே."

"நான்தான் முடிச்சுட்டேனே!"

டீச்சர் சிரிப்பார். அவ்வளவுதான்.

விஷயம் ஆரம்பித்தது கோபுரன் கதையில்தான். கோபுரன் என்பவன் கோபுர உயரத்துக்கு வளரக்கூடிய ஹீரோ. அவன் சண்டை போடுகிற தெருவில் பேப்பர் விற்கிற ஆள் ஒருத்தன் நிற்பான். "மேலே பாருங்க!" என்று கத்துவான். அந்த ஒரு வசனம்தான். வைரக்கண்ணு தன் சேனலில் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டார்.

"கோபுர உசரத்துக்கு ஒருத்தன் நிக்கிறான். மேலே பாருன்னு இவன் சொல்லணுமா? இந்த ஆள் எதுக்கு?"

அடுத்த வாரப் புத்தகத்தில் பேப்பர்காரன் இல்லை. வைரக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா, நம்ம பேச்சு எதுவரைக்கும் போயிருக்கிறது என்று கடைப் பையன்களுக்கெல்லாம் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் எதையோ ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய புத்தகத்தை எடுத்தார். அதிலும் பேப்பர்காரன் இல்லை.

போன வாரம் அவர் கையால் புரட்டிய அதே புத்தகம். ஓரத்தில் அவர் சிந்திய காபிக் கறைகூட இருந்தது. "மேலே பாருங்க!" என்ற பேச்சுக்குமிழி அப்படியே இருந்தது. குமிழியின் வால் கீழே இறங்கி ஓர் இடத்தைச் சுட்டியது. அந்த இடத்தில் வெறும் தாள் வெள்ளையாக இருந்தது.

வேறு ஒருத்தராக இருந்தால் அன்றைக்கே சாமியறையில் விளக்கேற்றியிருப்பார். நம்ம ஆளோ உற்றுப் பார்த்துவிட்டு, "கட்டம் சுத்தமா இருக்கு" என்றார்.

அப்புறம் வாரா வாரம் போய்க்கொண்டே இருந்தார்கள். நாகமுகியின் பக்கத்து வீட்டுக்காரி போனாள். எரிமலையானுக்கு உடுப்பு தைத்துக் கொடுக்கிற கிழவர் போனார். பாலம் இடியும்போது ஓடுகிற கூட்டம் மொத்தமாகப் போனது. ஓடிய செருப்புகளின் நிழல் மட்டும் தார் ரோட்டில் கிடந்தது. பிறகு அதுவும் இல்லை. ஆளில்லாத ஊரில், ஆளில்லாத ஜன்னல்களுக்கு நடுவில், கோபுரன் ஒருத்தன் மட்டும் தலையைக் குனிந்து கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

அவன் முகத்தைப் பார்க்க வைரக்கண்ணுவுக்கு ஒரு மாதிரி இருந்தது. பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அது ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது.

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. மனைவி தையல்நாயகி கதவருகில் வந்து நின்றாள். "அடை ஆறிடும். வந்து சாப்பிட்டுட்டுப் பேசுங்களேன்."

வைரக்கண்ணு போனைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா மக்களே? சண்டை சூடா போகுது, நடுவுல ஒருத்தங்க அடையோட வர்றாங்க. கதைக்கும் இவங்களுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா? இந்த ஆள் எதுக்கு?"

தையல்நாயகி கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். பிறகு உள்ளே போனாள். கேட்ட கூட்டம் விழுந்து விழுந்து சிரித்து, பாராட்டி எழுதியது. அதைப் படித்து முடிப்பதற்குள் அடை விறைத்துப்போயிருந்தது. தனியாக உட்கார்ந்து தின்றார்.

மறுநாள் காலை பல் துலக்கியபடி கூடத்துக்கு வந்தவர், கல்யாணப் போட்டோவின் முன்னால் நின்றுவிட்டார். பட்டு வேட்டியில் அவர் இருந்தார். பக்கத்தில் வெள்ளை. அந்த வெள்ளையில், கழுத்து உயரத்தில், ஒரு மாலை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"தையல்!" என்றார்.

"ம்."

சமையலறையில் பால் பொங்குகிற சத்தம். டம்ளரும் டவராவும் காற்றில் ஏறி இறங்கி ஆற்றிக்கொண்டன. டம்ளர் வந்து மேஜையில் உட்கார்ந்தது. வைத்த கையைக் காணோம்.

வைரக்கண்ணு மேஜையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க இருக்க?"

"உங்க முன்னாடிதான் நிக்கிறேன். ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

குரல் அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல் இருந்தது. அவர் கையை நீட்டித் துழாவினார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"விளையாடாதீங்க. காபி ஆறிடும்" என்றது குரல். முன்னதைவிட இன்னும் கொஞ்சம் மெலிவாக.

குரலும் போய்விட்டால்? அந்த நினைப்பு வந்ததும் காபியை அப்படியே விட்டார். காபிக் கறை பட்ட அந்தக் கோபுரன் புத்தகத்தை அள்ளிக்கொண்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினார்.

கிளினிக்கில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டவர்கள் சுவரோரம் வரிசையாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. அவர்களைத் தாண்டி உள்ளே போகவே அவருக்குப் பயமாக இருந்தது.

"டீச்சர், எனக்கு ஆளுங்க தெரிய மாட்டேங்குறாங்க."

ஜெசிந்தா டீச்சர் அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். பலகையைக் காட்டினார். வைரக்கண்ணு கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தார்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு அண்ணே."

"இதைப் பாருங்க!" புத்தகத்தை விரித்து நீட்டினார். "யாராவது இருக்காங்களா?"

டீச்சர் பார்த்தார். "எல்லாரும் இருக்காங்களே."

வைரக்கண்ணு உடைந்துபோனார். நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் கொட்டினார். அடை விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டார்.

"அவ போயிட்டா நான் என்ன டீச்சர் பண்ணுவேன்? சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு சேனல்ல பேசிடட்டுமா? இப்பவே பேசுறேன்."

"இன்னொரு கருத்தா?"

அவர் எடுக்கப்போன செல்போனைச் சட்டைப் பைக்குள்ளேயே விட்டார்.

டீச்சர் பவர் பார்க்கிற வட்டச் சட்டத்தை எடுத்து அவர் மூக்கில் மாட்டினார். கண்ணாடி வில்லை ஒன்றைச் செருகினார். "தெரியுதா?"

"இல்ல."

மாற்றினார். "இப்ப?"

"இல்ல."

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு, எல்லா வில்லையையும் உருவிவிட்டார். வெறும் சட்டம் மட்டும் மூக்கில் உட்கார்ந்திருந்தது. புத்தகத்தை அவர் மடியில் வைத்தார். வைரக்கண்ணுவின் விரல் பழக்கதோஷத்தில் கடைசிப் பக்கத்துக்குப் போனது. டீச்சர் அந்த விரலைப் பிடித்து எடுத்து முதல் பக்கத்தில் வைத்தார்.

"படிங்க."

படித்தார். பேப்பர்காரன் நிற்க வேண்டிய கட்டம் வந்தது.

"இங்க யாருண்ணே இருந்தா?"

"பேப்பர் விக்கிறவன்."

"என்ன பண்ணிட்டிருந்தான்?"

"சும்மா நின்னான்."

"கையில?"

வைரக்கண்ணு யோசித்தார். ஞாபகம் வரவில்லை. மறந்துபோனதல்ல அது. அவர் பார்த்ததே இல்லை.

"தெரியல டீச்சர்."

"சரி. அங்கேயே இருங்க" என்றார் டீச்சர். வெளியே போய் அடுத்த ஆளுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தார்.

அவர் அங்கேயே இருந்தார். வெள்ளை இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாழ்க்கையில் ஒரு கட்டத்தை அவர் அவ்வளவு நேரம் பார்த்தது கிடையாது. கண் வலித்தது, நீர் வழிந்தது. பக்கத்தைத் திருப்பச் சொல்லி விரல் நமைத்தது. அடக்கிக்கொண்டார்.

குமிழியின் வால் சுட்டிய இடத்தில் ஒரு ஷூ வந்தது. கயிறு அவிழ்ந்திருந்தது. அப்புறம் ஒட்டுப்போட்ட முழங்கால். அந்த முழங்காலை ஒட்டி, வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு தெரு நாய். மேலிருந்து கல் விழுகிறது. அவன் விற்க வைத்திருந்த பேப்பர் கட்டை நாயின் தலைக்கு மேல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் தலைக்கு மேல் ஒன்றும் இல்லை.

வைரக்கண்ணு விரலை மெதுவாக நகர்த்தினார். அடுத்த கட்டத்துக்குப் போனார். அதில் கோபுரன் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வை போகிற இடத்தில் அந்த நாயும் அந்த ஆளும் இருந்தார்கள்.

"டீச்சர்!" என்று கத்தினார். வரிசையில் இருந்தவர்கள் மூடிய கண்களோடு அவர் பக்கம் திரும்பினார்கள். "வந்துட்டான் டீச்சர்! நாய்கூட இருக்கு!"

"அப்படியா?" என்றார் டீச்சர். சட்டத்தை அவர் மூக்கிலிருந்து கழற்றிக்கொண்டார். "வீட்டுக்குப் போங்க."

"அவகிட்ட என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாதீங்க."

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை வைரக்கண்ணுவின் சேனலில் ஒன்றும் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை. கூட்டம் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு வேறு ஆளைத் தேடிக்கொண்டு போனது.

இன்னொரு வியாழக்கிழமை பார்சல் வந்த சாயங்காலம், காமிக்ஸ் கடை மாடியில் டீச்சர் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது வைரக்கண்ணு படியேறி வந்தார். இளைத்திருந்தார். புதுப் புத்தகங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிரில் உட்கார்ந்தார்.

"அக்கா எப்படி இருக்காங்க அண்ணே?"

"குரல் வந்துடுச்சு டீச்சர். பக்கத்துல நின்னு பேசுற மாதிரி கேக்குது." மூச்சு வாங்கிக்கொண்டார். "அடுப்படியில ஒரு முக்காலியப் போட்டு உக்காந்துக்கிறேன். முதல்ல வளையல் வந்துச்சு. வளையல்னு நினைச்சேன், ரெண்டு ரப்பர் பேண்டு. பால் பாக்கெட்டுல வர்றதை எடுத்து மாட்டிக்கிட்டிருக்கா. அப்புறம் விரல். மணிக்கட்டுல நீளமா ஒரு தழும்பு. எண்ணெய் பட்டதாம். எப்பன்னு கேட்டேன். நம்ம கிரகப்பிரவேசத்தன்னிக்குன்னா. அன்னிக்கு நான் அங்கதான் டீச்சர் இருந்தேன்."

டீச்சர் புத்தகத்தை மூடி வைத்தார்.

"இப்ப தோள் வரைக்கும் வந்திருக்கு. பின்கழுத்துல முடி நரைச்சிருக்கு. ஆனா மேல..." அவர் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். "மேல ஒண்ணும் இல்ல டீச்சர். கூடத்துல நடந்து வர்றா, புடவை இருக்கு, தோள் இருக்கு, அதுக்கு மேல சுவரு தெரியுது. பயமா இருக்கு. அவளையே கேட்டுட்டேன். உன் முகம் எனக்குத் தெரியலையேன்னு."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சா. 'கல்யாணமாகி உங்க முகம் எனக்குத் தெரியவே ஏழெட்டு வருஷம் ஆச்சு. நான் கத்தினேனா?'ன்னா."

கீழே கடையில் யாரோ புது பார்சலைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. வைரக்கண்ணு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க டீச்சர். முகம் எப்ப வரும்? வருமா, வராதா? அதை மட்டும் சொல்லிடுங்க."

ஜெசிந்தா டீச்சர் மூடி வைத்த புத்தகத்தை உறையில் போட்டார்.

"தோள் வரைக்கும்தானே வந்திருக்கீங்க. அதுக்குள்ள ஏண்ணே கடைசிப் பக்கத்தைப் புரட்டுறீங்க?"