உள்ளங்கை மஞ்சளும் ஆள்காட்டியின் கூச்சலும்

அந்தக் காலத்தில் பறவைகள் மனிதர்களோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தன. காக்கை வழி சொல்லும், மைனா ஊர்வம்பு பேசும். கல்லூரியும் கால்பந்தும் வந்த பிறகும் கொஞ்ச நாள் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆலடிமேட்டுக் கல்லூரி மைதானத்தில் கடைசியாகப் பேசிய பறவை ஓர் ஆள்காட்டி. அது ஏன் பேச்சை விட்டது என்று அந்தக் கல்லூரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், வானத்தைப் பார்ப்பார்கள். எனக்கு அப்படிப் பார்க்கத் தெரியாது. நான் சொல்கிறேன்.

ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெட்டவெளியில், சரளைக் கல்லுக்கு நடுவே, சின்னதாக ஒரு குழி பறித்து முட்டையிடும். முட்டை எது, கல் எது என்று கிட்டப் போனாலும் தெரியாது. அந்த வருஷம் அது பார்த்துவைத்த இடம் மேற்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால். அங்கே புல்லும் இல்லை, ஆள் நடமாட்டமும் இல்லை. நிற்பவன் கோல்கீப்பர் சங்கிலி ஒருத்தன்தான், அவனும் சாதுவான பையன். முட்டைகளை இட்டுவிட்டு ஆள்காட்டி நிம்மதியாக உட்கார்ந்தது.

அந்த வாரமே கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி தொடங்கிவிட்டது.

ஆலடிமேட்டு ரசிகர் கூட்டத்துக்குத் தலைவன் பரிபூரணம் என்று ஒரு மாணவன். அவன் பந்தை உதைத்தால் செருப்புதான் பறக்கும். ஆனால் கத்துவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. முதல் ஆட்டத்தன்று கொட்டும் கொடியுமாகக் கூட்டத்தை இழுத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தவன், கோல் கம்பத்துக்குப் பின்னால் முட்டைக் குழியை மிதிக்க இருந்தான். ஆள்காட்டி பதறிப்போய் அவன் தலைக்கு நேரே பாய்ந்தது.

"கிட்ட வராதே! எட்டிப் போ!"

சரியாக அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் ஆலடிமேடு ஒரு கோல் போட்டுவிட்டது. அவ்வளவுதான்.

"எலே, பாத்தீங்களாலே!" என்று பரிபூரணம் துள்ளினான். "ஆத்தா வாயைத் திறந்தா, கோல் விழுந்துட்டு!"

பந்தை உதைத்தவன் ஒருத்தன், ஓடி ஓடி நுரை தள்ளியவர்கள் பத்துப் பேர். பெயர் யாருக்கு? முட்டையைக் காப்பாற்றக் கத்திய பறவைக்கு! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

இரண்டாவது ஆட்டத்துக்கு அவர்கள் வேண்டுமென்றே அங்கே வந்தார்கள். குழியைச் சுற்றிக் கொட்டடித்தார்கள். சாமந்தி மாலையைக் கொண்டுவந்து சரளைக் கல்லுக்குப் போட்டார்கள். ஒருத்தன் முட்டைகளுக்குப் பக்கத்திலேயே தேங்காய் உடைத்தான். சில்லு தெறித்து ஆள்காட்டியின் சிறகில் பட்டது.

"அறிவிருக்காலே உங்களுக்கு?" என்று அது கத்தியது. "நான் உங்களை வாழ்த்தலைலே, ஏசுதேன்! கிட்ட வராதே! எட்டிப் போ!"

"ஏசு தாயி, நல்லா ஏசு!" என்று பரிபூரணம் கும்பிட்டான். "நீ ஏசினாத்தானே எங்களுக்குக் கோல் விழுது!"

அன்றும் ஆலடிமேடு ஜெயித்தது. ஆள்காட்டி சொன்ன சொல்லையே எடுத்து, கொட்டுக்குத் தோதாக மெட்டுப் போட்டு, எதிரணியைப் பார்த்துப் பாட ஆரம்பித்தார்கள். கிட்ட வராதே! எட்டிப் போ! ஒரு தாய் வயிறு எரிந்து சொன்னது அவர்களுக்குப் பாட்டாகிவிட்டது. கும்பிடுகிற வாய் எல்லாம் அதை ஆத்தா, தாயி என்றுதான் கூப்பிட்டது. அந்தத் தாயிக்கு என்ன வேண்டும் என்று ஒரு வாய் கேட்கவில்லை.

மறுநாள் சங்கிலி பயிற்சிக்கு வந்தபோது ஆள்காட்டி அவனிடம் போனது.

"தம்பி, நாளைக்குக் கடைசி ஆட்டம். ஊரைத் திரட்டிட்டு வருவானுவ. எனக்குப் பயமா இருக்கு."

"வேற இடத்துக்குப் போயிரேன்க்கா."

"முட்டைக்குக் காலா இருக்கு?"

சங்கிலி தலையைச் சொறிந்தான். "சரிக்கா. நான் கம்பத்துகிட்டதானே நிக்கப்போறேன். கூட்டத்துக்குன்னு போட்டிருக்க சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒருத்தனை விடமாட்டேன். நான் பாத்துக்கிடுதேன்."

ஆள்காட்டி அவனை நம்பியது. அதோடு தானும் ஒரு முடிவுக்கு வந்தது. என் சத்தத்துக்குத்தானே வருகிறார்கள்? நாளைக்கு நான் வாயையே திறக்கப்போவதில்லை. சத்தம் இல்லையென்றால் அவர்களுக்கு என்னிடம் என்ன வேலை?

பாவம், ரசிகர்களைப் பற்றி அதற்கு என்ன தெரியும்!

கடைசி ஆட்டம் கடலோரக் கல்லூரியோடு. ஆளுக்கு ஒரு கோல் போட்டாயிற்று. இடைவேளை முடிந்தது, நேரம் ஓடிக்கொண்டே இருந்தது, அடுத்த கோல் விழவில்லை. ஆலடிமேட்டுக் கூட்டம் பந்தைப் பார்க்கவில்லை, ஆள்காட்டியைத்தான் பார்த்தது. அது முட்டைகளின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கொட்டடித்தார்கள், பேசவில்லை. சின்னக் கல்லாகப் பொறுக்கி எறிந்தார்கள். கல் முதுகில் பட்டது, அப்போதும் பேசவில்லை.

"ஆத்தாவுக்கு என்ன கோவமோ, வாயைத் திறக்க மாட்டேங்காளே" என்று ஒருத்தன் அழாத குறையாகச் சொன்னான்.

"நான் திறக்க வைக்கேன்" என்று பரிபூரணம் எழுந்தான்.

அவன் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினான். ஆள்காட்டி சங்கிலியைப் பார்த்தது. சங்கிலியும் பார்த்தான். பந்து அந்தக் கோடியில் கிடந்தது, அவனுக்கு அந்த நேரத்தில் ஒரு வேலையும் இல்லை. "எலே, நில்லு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் முகத்தைப் பந்துப் பக்கம் திருப்பிக்கொண்டான். ஏனென்றால் அவனுக்கும் அந்தக் கோல் வேண்டும். சாதுவான பையன் என்று சொன்னேன் அல்லவா? அந்தச் சாதுவை நினைத்தால்தான் எனக்கு இன்னும் அதிகமாக எரிகிறது.

பரிபூரணம் பறவையை ஒரு கையால் தள்ளிவிட்டு, ஒரு முட்டையை எடுத்து உயரத் தூக்கினான்.

"கத்து தாயி, கத்து!"

கத்தாமல் என்ன செய்யும்? அது உயிரே போகிற மாதிரி கத்தியது. "கிட்ட வராதே! எட்டிப் போ!"

அந்தக் கோடியில் பந்து வலைக்குள் போனது. பரிபூரணம் கையை இறுக மூடிக்கொண்டு குதித்தான். முட்டை அந்தக் கைக்குள்ளேதான் இருந்தது.

அவன் உள்ளங்கையை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டினான். கை முழுக்க மஞ்சள். வெற்றிக்கு மஞ்சள் பூசியிருக்கிறான் என்று நினைத்து மைதானமே கையைத் தூக்கி ஆர்ப்பரித்தது. விசில் ஊதியதும் எல்லோரும் கோட்டைத் தாண்டிச் சங்கிலியைத் தோளில் தூக்க ஓடினார்கள். மிச்சமிருந்த முட்டைகள் வழியில்தான் இருந்தன.

தோள்மேல் உட்கார்ந்திருந்த சங்கிலியின் முகத்துக்கு எதிரே ஆள்காட்டி வந்து சிறகடித்து நின்றது.

"ஏசினேன், வாழ்த்துன்னு சொன்னீங்க. வாயை மூடினேன், அதுக்கும் வந்தீங்க. அவனாவது தெரியாத்தனத்துல கையை வச்சான். நீ எல்லாந் தெரிஞ்சு மூஞ்சியைத் திருப்பினியேலே!"

ஆள்காட்டி இன்னும் கிட்ட வந்தது.

"இனிமே உங்க பாஷையில ஒரு வார்த்தை என் வாயில வராது. வந்தா அதையும் பாட்டாக்கிடுவீங்க. ஆனா சும்மாவும் இருக்க மாட்டேன். வெட்டவெளியில எவன் கால் வச்சாலும், நல்லவனா கெட்டவனான்னு பாக்க மாட்டேன். தலைக்கு மேல வந்து கத்துவேன்."

சொல்லிவிட்டுப் பறந்தது. அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. கொட்டுச் சத்தத்தில் சங்கிலியைத் தவிர வேறு யாருக்கும் கேட்கவில்லை, அவனும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் அவன் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய், குனிந்து, சரளைக் கல்லைத் தொட்டுவிட்டு வந்தான். அவனுக்குப் பின்னால் வந்த கோல்கீப்பர்களும் தொடுகிறார்கள். எதற்கு என்று கேட்டால், ராசி என்பார்கள்.

அன்று முதல்தான் ஆலடிமேட்டு ரசிகர்கள் ஆட்டத்தன்று வலது உள்ளங்கையில் மஞ்சள் பூசிக்கொண்டு, "கிட்ட வராதே! எட்டிப் போ!" என்று தொண்டை கிழியப் பாடுகிறார்கள், அவர்கள் தலைக்கு மேலே, ஒரு வார்த்தையும் இல்லாமல், ஆள்காட்டி கத்திக்கொண்டே இருக்கிறது.