லேபிள் தைத்த சாம்பல் மூட்டை

நாச்சிமுத்தண்ணனைச் சுகந்தி கடைசியாக உயிரோடு பார்த்தது திருப்பூர் பஸ் ஸ்டாண்டில். முறுக்குப் பொட்டலத்தோடு பல்லடம் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். இவரா அன்றைக்கு அப்படிச் செய்தவர் என்று அவளுக்கு அப்போதும் பிரமிப்புத்தான்.

சாயப்பட்டறை பாய்லரில் கரி தள்ளியவர் அவர். ஒருநாள், சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் அதிகாரி வந்து புகைபோக்கியை அண்ணாந்து பார்த்தார்.

"நாளைக்குள் உங்கள் புகை பாதியாக வேண்டும். ஒரு சட்டைகூடக் குறையக் கூடாது. முடியாதென்றால் ஆர்டர் இல்லை. எங்கள் நாட்டில் பாதியாக்கிவிட்டோம்."

பட்டறை ஆபீஸில் வேலை பார்த்த சுகந்திதான் அதைத் தமிழில் சொன்னாள். இருநூறு பேர் பிழைப்பு அந்த ஆர்டரில் இருந்தது. முதலாளி பாய்லரடியில் நின்ற நாச்சிமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆகட்டுங்க," என்றார் நாச்சிமுத்து. "அங்க எப்படிக் குறைச்சாங்களாம்? கேளு கண்ணு."

"மில்களை மூடினோம்."

"அப்பச் சட்டைக்கு?"

"இங்கே வாங்குகிறோம்."

மறுநாள் காலை வாசலில் அந்த மாதத்துச் சாம்பல் நாற்பது மூட்டையாக நின்றது. இருபதில், சட்டைக் கழுத்தில் வைக்கிற அந்தக் கம்பெனியின் லேபிளை நாச்சிமுத்து தைத்திருந்தார்.

"பாதியாயிருச்சுங்க. லேபிள் இல்லாதது நம்மூர்ச் சட்டைக்கு எரிச்சது, அது எங்களுது. மத்தது உங்க சட்டைக்கு எரிச்சது. சட்டையோடயே ஏத்திக்கிட்டுப் போயிருங்க."

அதிகாரி ஒரு லேபிளைத் தடவிப் பார்த்தார். இரண்டு நாட்டுப் புகைக் கணக்கையும் சாக்கில் கட்டி வைத்த மனிதரை எல்லோரும் கோபுரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

ஆர்டரில் கையெழுத்தானது. புது பாய்லருக்குப் பாதிச் செலவு தங்களுடையது என்றும் அதிகாரி எழுதிக் கொடுத்தார்.

நாச்சிமுத்தண்ணன் இறந்து நான்கு வருஷமாகிறது. அந்தப் புது பாய்லர் பழையது தின்ற கரியில் பாதியில்தான் ஓடுகிறது.